பிடிச்சிருக்கா?

அந்த டிராக்டர் ஏழெட்டு வருஷமாகக் கூரை பிய்ந்த கொட்டகையில் சும்மா நின்றிருந்தது. புகைக்குழாயின் வாயில் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்துவைக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பெய்த மழையெல்லாம் குழாய் வழியாக உள்ளே இறங்கி, பிஸ்டன்கள் துருவேறி, சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டன. இதைத்தான் மெக்கானிக்குகள் இன்ஜின் பிடித்துவிட்டது என்பார்கள். அசைந்து கொடுத்தால் விட்டுவிட்டது என்பார்கள். அந்தத் தொழிலில் பாதிப் பேச்சு இந்த இரண்டு வார்த்தைதான்.

நம் மெக்கானிக்குக்கு முழுப் பேச்சுமே அதுதான். வயசு நாற்பத்தைந்துக்கு மேல், கல்யாணம் ஆகவில்லை, பட்டறைக்குப் பின்னாலேயே ஓர் அறை. ஒரு வேளை சமைத்து இரண்டு வேளை சாப்பிடுவான். போல்ட்டின் தலையை ஓர் ஆள் பிடிக்க, மறுபக்கம் நட்டை இன்னோர் ஆள் திருகவேண்டிய இடத்தில், ஒரு ஸ்பேனரைக் கயிற்றால் சட்டத்தோடு கட்டிவிட்டு இவன் ஒருவனே திருகுவான். ஆள் வைத்துக்கொள்ளேன்டா என்று அக்கா சொன்னால், கயிறு எதிர்த்துப் பேசாது என்பான். பேச்சுக்கு ஒன்றும் குறைச்சலில்லை. சாயங்காலம் கயிற்றை அவிழ்க்கும்போது அவன் முகத்தைப் பார்த்திருந்தால் யாருக்கும் சிரிப்பு வந்திருக்காது.

அக்கா விடவில்லை. தனக்குத் தெரிந்த தையல்காரி ஒருத்தியை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரவழைத்தாள். கணவன் போனபிறகு தனியாக இருப்பவள். இருவரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். பேசினார்கள் என்பது சும்மா மரியாதைக்கு. அவள் பேசினாள், இவன் நகக்கண்ணில் இருந்த கரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் பாருங்கள்! சட்டைக் காலர் பிரிந்திருக்கிறது, கொண்டுவந்தால் தைத்துத் தருகிறேன் என்று அவள் சொன்னதை மட்டும் பத்திரமாக வாங்கிக்கொண்டான். அதற்கப்புறம் அவனுக்குத் தூக்கம் போயிற்று. அவளை அவனுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அதை அவளிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

கிளம்பும்போது அவளே வழி சொன்னாள்.

"அக்கா மூலமாக் கேட்டு அனுப்ப வேண்டாம். நானே போன் பண்ணிக் கேக்கறேன். உள்ளதைச் சொல்லிடுங்க."

தலையாட்டினான். அவள் கேட்டால் ஒரே வார்த்தை சொன்னால் போதும்; அந்த ஒரு வார்த்தையை மனப்பாடம்கூடச் செய்துவைத்திருந்தான்.

போன் வந்த அன்றைக்கு அவன் அந்த டிராக்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். சிலிண்டர்களில் டீசலும் ஆயிலும் ஊற்றி ஊறவைத்திருந்தான். பிஸ்டன்மேல் மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் நாலு தட்டு, பிறகு ஃப்ளைவீல் என்கிற கனத்த சக்கரத்தில் கடப்பாரையைக் கொடுத்து இந்தப் பக்கம் ஒரு நெம்பு, அந்தப் பக்கம் ஒரு நெம்பு. அவசரப்பட்டால் பிஸ்டன் ரிங் உடையும். இதற்கு நடுவே வண்டியின் சொந்தக்கார அம்மா வேறு காலையிலிருந்து போன் போட்டு உயிரை வாங்கிக்கொண்டிருந்தாள். வணக்கம் கிடையாது, ஒன்றும் கிடையாது. "என்ன, இன்னும் பிடிச்சிருக்கா?" அவ்வளவுதான்.

மதியம் கடப்பாரை ஒரு மயிரிழை நகர்ந்தது. மறுபடி நெம்பினான். ஃப்ளைவீல் முனகிக்கொண்டே அரைச்சுற்று சுற்றியது. சந்தோஷத்தில் கத்தலாம்போல இருந்தது, யாரிடம் கத்துவது? அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. கையெல்லாம் ஆயில். திரையைப் பார்க்காமல் முழங்கையாலேயே தட்டினான்.

"பிடிச்சிருக்கா?" என்றது ஒரு பெண் குரல்.

"பிடிச்சுதான் இருந்துச்சும்மா. இப்ப விட்டுருச்சு. இனிமே பிடிக்காது, கவலையே படாதீங்க."

"சரிங்க" என்று மட்டும் வந்தது, வைத்துவிட்டாள். அந்த அம்மா ஒருநாளும் 'ங்க' போட்டதில்லையே என்று அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா இவனுக்கு? விசில் அடித்துக்கொண்டு மரக்கட்டையைத் துடைத்தான்.

மறுபடி போன். இந்த முறை நிஜமாகவே சொந்தக்கார அம்மா. இப்போதுதானே சொன்னேன் என்றான். நான் இப்போதுதானே கூப்பிடுகிறேன் என்றாள் அவள். கையைத் துடைத்துவிட்டு, வந்த அழைப்புகளைப் பார்க்கப்போனான். அதற்குள் அக்கா கூப்பிட்டுவிட்டாள்.

அக்கா பொரிந்து தள்ளினாள். அந்தத் தையல்காரிக்கு எவ்வளவு திமிர், என் தம்பியைப் பிடிக்கவில்லையாம், வாய்கூசாமல் சொல்கிறாள், நீ மனசை விட்டுவிடாதே என்றாள். இவன் டிராக்டரின் முன்சக்கரத்தில் உட்கார்ந்தான். அப்படியென்றால் முதலில் போன் செய்தவள் தையல்காரிதான்; இவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டு, இவனுக்கு அக்காவிடம் திட்டு விழக் கூடாதென்று பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டிருக்கிறாள். இப்படி இவனை ஒருத்தரும் தாங்கியதில்லை.

"அவங்களைத் திட்டாதேக்கா. மரை கழண்டவன் நான்தான்" என்று சொல்லிவிட்டு வைத்தான். உடனே அவளைக் கூப்பிட்டான்.

எடுத்தாள். துரு, பிஸ்டன், சொந்தக்கார அம்மா, விட்டது, பிடித்தது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான். வாழ்நாளில் அவன் அவ்வளவு பேசியதில்லை. உங்களைப் பிடித்திருக்கிறது என்பதையும் சொல்லிவிட்டான். அவள் குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டாள்.

"இன்ஜினைத்தான் சொன்னீங்க. நம்பறேன்" என்றாள். கோபமே இல்லை அந்தக் குரலில். "ஒரு மணி நேரம் எதிர்ல உக்காந்து பேசினேனே. என் குரல்கூடவா தெரியல உங்களுக்கு?"

தெரிந்தது என்றால் பொய். அவள் அவனுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அப்புறம் வைத்துவிட்டாள்.