கண்ணால் கண்ட சாட்சியும் கல்யாண வீடியோவும்

தையல்காரியின் கணவர் பெயின்டர். எறும்பைக் கண்டால்கூட ஒதுங்கி நடக்கிற மனிதர். பாத்திரக்கடைப் பூட்டை உடைத்துத் திருடினார் என்று அவருக்கு மூன்று வருஷம் ஜெயில் என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். "என் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்" என்று கடைக்காரர் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தார். பெயின்டரோ, "சர்க்கரை குறையட்டும்னு நடக்கப் போனேன்" என்றார். தனியாக நடந்தவருக்கு யார் சாட்சி, தெருநாயா?

அப்பீலுக்குப் பணம் வேண்டும். அவளிடம் இருந்தது ஒரு தையல் மெஷினும் வாயும்தான்.

ஒருநாள் ஜாக்கெட் துணியோடு வந்த ஒருத்தி, "அக்கா, இதே மாதிரி கை வெச்சுத் தைக்கணும்" என்று தன் தங்கையின் கல்யாண வீடியோவைப் போனில் ஓட்டினாள். தையல்காரி கையைப் பார்த்தாள், மடிப்பைப் பார்த்தாள். பிறகு அந்தக் கைக்குப் பின்னால் சாப்பாட்டு மேசையில் இருந்தவரைப் பார்த்தாள். அவள் கணவர்! வாய் நிறைய இனிப்பு, கையில் இன்னொன்று.

"அடப் பாவி மனுஷா!" முதலில் கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது. இனிப்பைத் தொட்டால் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தாளே! அப்புறம்தான் மூலையில் தேதியும் நேரமும் கண்ணில் பட்டன. பூட்டு உடைந்த அதே ராத்திரி, அதே நேரம்.

"கொஞ்சம் நிறுத்தும்மா!"

பக்கத்து நாற்காலியில் வெளுத்துக்கட்டிக்கொண்டிருந்தவர் சாட்சாத் பாத்திரக்கடைக்காரர். இருவருமே தட்டைவிட்டுத் தலை நிமிரவில்லை.

கிழிந்த கவுனோடு ஒரு வக்கீல் கிடைத்தார். "காசில்லை சார். கவுனைத் தைச்சுத் தர்றேன், வீட்டுல இருக்கறவங்களுக்கும் தைச்சுத் தர்றேன்" என்றாள். அவருக்கு ஆறு பெண்கள். அதை அவர் முன்கூட்டியே சொல்லவில்லை.

அப்பீல் கோர்ட்டில் வீடியோ ஓடியது. நீதிபதி கடைக்காரரைக் கேட்டார்: "ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்னீங்களே?"

"பார்த்தேங்க ஐயா… முந்தின வாரம். கடைக்குப் பெயின்ட் அடிக்க வந்தப்போ. இன்சூரன்ஸ்காரங்க யாரு யாருன்னு அரிச்சாங்க, இவர் முகம்தான் ஞாபகத்துக்கு வந்துச்சு."

நீதிபதி பெயின்டர் பக்கம் திரும்பினார். "நீங்க ஏன்யா விருந்துல இருந்தேன்னு சொல்லலை?"

பெயின்டர் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். "ஐயா, ஜெயில்னா மூணு வருஷத்துல முடிஞ்சிரும்."

கோர்ட்டே சிரித்தது. அவளும் சிரித்தாள். விடுதலை என்று தீர்ப்பு வந்தது.

தெருவில் இறங்கி நடந்தபோதுதான் அவர் சொன்ன பதில் அவளுக்கு உறைத்தது. நின்றாள்.

"ஏங்க, என்கிட்ட உண்மையைச் சொல்றதைவிட ஜெயிலே மேல்னு தோணிச்சா உங்களுக்கு?"

அவர் பொய் சொல்லிப் பட்டது போதும் என்று நினைத்திருக்க வேண்டும். "முதல் வாரம் மட்டும் தோணிச்சு" என்றார்.

நடுத்தெருவில், நாலு பேர் பார்க்க, பையால் அவர் முதுகில் ஒரு போடு போட்டாள். பிறகு அந்த முதுகிலேயே முகத்தைப் புதைத்து ஓவென்று அழுதாள்.