பாக்கியம் வாயைத் திறந்தால் வயலின்

2004ஆம் வருஷம், ஆடி மாசத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காலை எட்டேகால் மணி. சேதராப்பட்டில் தகர மூடி அடிக்கும் கம்பெனியின் கேட்டுக்கு முன்னால் நின்று, மேனேஜரின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவதற்காக முதலியார்பேட்டை பாக்கியலட்சுமி வாயைத் திறந்தாள். இரண்டு வயலினும் ஒரு கித்தாரும் வந்தன. சற்றுப் பொறுத்து, அடிவயிற்றிலிருந்து தடித்த குரலில் இன்னொன்றும் வந்து சேர்ந்துகொண்டது. அது செல்லோ, வயலினுக்குப் பெரியண்ணன் என்று வாட்ச்மேன் தேவதாஸ் சொன்னார். மாதா கோயிலில் வயலின் வாசித்த மனுஷர், அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

பாக்கியத்தின் வாயைப் பற்றித் தெரியாதவர்கள் முதலியார்பேட்டையில் கிடையாது. குழாயில் தண்ணீர் வரவில்லையா, ரேஷனில் எடை குறைகிறதா, மருமகளை மாமியார்க்காரி வெளியே தள்ளிவிட்டாளா, ஆள் அனுப்பி அவளைத்தான் கூட்டிப்போவார்கள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போவாள், அரை மணியில் முடித்துவிட்டு, ஒரு டீயைக் குடித்துவிட்டு வருவாள். இருபது வருஷமாக ஊராருக்காகக் கத்திய தொண்டை, பெற்ற மகளுக்காகக் கத்த வேண்டிய அன்றைக்குப் பார்த்துக் காலை வாரியது. கேட்கிற நமக்கே வயிறு எரிகிறதே, அவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

மகள் சிவசங்கரிக்கு இருபத்தொரு வயசு, அந்தக் கம்பெனியில்தான் வேலை. பிரஸ் மெஷினுக்குள் கை போகாமல் தடுக்க ஒரு கம்பி வலை உண்டு. வேலை வேகமாக நடக்கட்டும் என்று மேனேஜர் சுப்பிரமணியன் அதைக் கழற்றி மூலையில் போட்டிருந்தார். வைகாசியில் அந்த மெஷின் அவள் வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. கவனக்குறைவு அவளுடையதுதான் என்று எழுதிவைத்து, இனி வேலைக்கு வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். பாவிகள்.

சத்தம் கேட்டு சுப்பிரமணியன் வெளியே வந்தார். நாற்காலி போடச் சொல்லி, உட்கார்ந்து, கண்ணை மூடி முழுசாகக் கேட்டார். கைகூடத் தட்டினார். "ரொம்ப நல்லா இருக்கும்மா. நாளைக்கும் வாங்க" என்றார். பாக்கியத்துக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஏற ஏற வாசிப்பு இன்னும் அழகாகிக்கொண்டே போனது.

கோபம் தணிந்தால் பேச்சு வழக்கம்போல வந்தது. தேவதாஸ் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "வார்த்தையே இல்லாம இன்னாய்யா பாட்டு இது? எழவு வூட்லகூட வைக்க மாட்டாங்க" என்றாள். கூழ் ஊற்றும் திருவிழாவில் கொம்பு ஸ்பீக்கர் கிழியக் கிழிய வருமே, அதுதான் அவளுக்குப் பாட்டு. ஆட முடியாததெல்லாம் சேர்த்தியே இல்லை. ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது அந்த மெட்டை முணுமுணுத்துத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். சிவசங்கரி பார்த்துவிட்டாள்.

"நல்லாத்தாம்மா இருக்கு."

"அதாண்டி எனக்கு எரியுது!" என்றாள் பாக்கியம். அடுத்த வார்த்தைக்குள் பஸ் முழுக்க வயலின். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டார்.

தினமும் போனாள். மூன்றாம் நாள் சிவசங்கரி ஒன்றைக் கவனித்தாள். மெட்டு எங்கே சுற்றினாலும் ஓரிடத்தில் இரண்டு தட்டு காலியாக விட்டுவிட்டுத்தான் மேலே போனது. "என் வெரலு இருந்த எடம்மா அது" என்றாள்.

இதற்குள் மெட்டு சுப்பிரமணியன் காதில் குடியேறிவிட்டது. சாப்பிடும்போதும் கேட்டது, ஸ்கூட்டரில் போகும்போதும் கேட்டது. காலியான அந்த இரண்டு தட்டு வரும்போதெல்லாம் அவர் வலது கையில் இரண்டு விரல் துவண்டது. ஒன்பதாம் நாள் அவை நிமிரவே இல்லை. பேனா கையில் நிற்கவில்லை. கையெழுத்துக்காக மேஜையில் காகிதங்கள் குவிந்தன. கேட்டுக்கு ஓடிவந்து, "என்னம்மா பண்ணீங்க என்னை?" என்றார். பாக்கியம் சொல்ல வாயெடுத்தாள், செல்லோதான் வந்தது.

சிவசங்கரி முன்னால் வந்தாள். "வலைய மாட்டுங்க சார். தப்பு என்னுதுன்னு எழுதுனத அடிங்க. என்னைத் திரும்ப வேலைக்கு எடுங்க." அவ்வளவுதான் கேட்டாள். எம்.காம். படித்த சுப்பிரமணியன், மூன்றையும் எழுதச் சொல்லி, மையைத் தொட்டு, அந்தக் காகிதத்தில் கைநாட்டு வைத்தார்.

மறுநாளே அவருடைய விரல்கள் சரியாகிவிட்டன. சிவசங்கரியின் விரல்கள் வரவில்லை. அவள் பேக்கிங்கில் வேலை பார்க்கிறாள், வலை மெஷினில் இருக்கிறது. முதலியார்பேட்டையில் இப்போதும் சண்டைக்குப் பாக்கியத்தைத்தான் கூப்பிடுகிறார்கள். செல்லோ கேட்டால் ரேஷன் கடைக்காரர் தானாகவே இன்னொரு கை அரிசி அள்ளிப் போடுகிறார்.

சில சாயங்காலம் அவளுக்கே அதைக் கேட்க ஆசை வரும். கோபம் வந்தால்தானே அது வரும்? அப்போது மகள் மூன்று விரலால் சோறு பிசைவதைப் பார்ப்பாள். அது போதும், முதல் வயலின் எடுத்துவிடும்.