காளிராஜ் மிதித்த லோடு

“கருவ முள்ளுய்யா! ஒரு விரல் நீளம்! ஊக்கால நோண்டி இழுக்குறேன், ரத்தம் வருது, நீ பாட்டுக்குக் கொறட்ட விட்டுக்கிட்டுக் கெடக்க!”

“கத்தாதடி, தெருவே கேக்குது.”

“கேக்கட்டும். எத்தன நாளா உள்ள கெடந்துச்சோ. நொண்டக்கூட இல்லையேய்யா நீ!”

தெரு கேட்டுக்கொண்டுதான் இருந்தது. எதிர்வீட்டுப் பஞ்சம்மாள், சாயங்காலம் மட்டுமே தண்ணீர் வரும் குழாயடிக்குக் காலை ஆறு மணிக்கே குடத்தோடு வந்து நின்றிருந்தாள். காலிக் குடத்தை இடுப்புக்கு இடுப்பு மாற்றியதில் நல்ல சேதி ஒன்றும் தவறிப்போகவில்லை.

உள்ளே மாரிச்செல்வி, புருஷனின் காலிலிருந்து எடுத்த முள்ளை நாள்காட்டி அட்டையில் குத்தி வைத்தாள். புரட்டாசி பதினெட்டாம் தேதிக்கு நேராக அது நின்றது. காளிராஜ் அதைப் பார்த்தான். அடுத்தவன் வீட்டு நாள்காட்டியில் அடுத்தவன் கால் முள்ளைப் பார்ப்பதுபோல இருந்தது.

“இன்னைக்கு வண்டிக்குப் போகாத. ராமநாதபுரத்துல சக்கர வியாதி டாக்டரப் பாப்போம்.”

“பூனாவுக்குக் கரி லோடு. ரெண்டு நாளா ஆள் காத்துக்கிட்டு நிக்கிறான். நான் மிதிக்காம எவன் தார்ப்பாய் போடுவான்?”

“மிதிக்கிறதுக்குக் கால் இருக்கணும்ல? ஒன் கால் செத்துப்போச்சுய்யா. சரி, செருப்பாச்சும் போடு.”

“செருப்பப் போட்டு லோடு மிதிக்கவா? ஊரு சிரிக்கும்.”

“என் தம்பியும் அதே வண்டியிலதான் வாரான். அதையாச்சும் நெனச்சுக்க.”

காளிராஜ் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டான். செருப்பு வாசலிலேயே கிடந்தது. பஞ்சம்மாள் அதையும் பார்த்துக்கொண்டாள்.

கரி லோடு பற்றி ஒன்று சொல்லவேண்டும். அந்தப் பக்கத்தில் சீமைக்கருவேலத்தை வெட்டி, அடுக்கி, மண் பூசி மூட்டம் போட்டுச் சுடுவார்கள். சுட்ட கரி ஆறவேண்டும். வெளியே கறுப்பாக, சாதுவாக இருக்கும்; உள்ளே ஒரு துண்டில் கனல் உட்கார்ந்திருக்கும். அந்த ஒரு துண்டு மூட்டைக்குள் போய், மூட்டை லாரிக்குள் போய், மேலே தார்ப்பாயும் கட்டிவிட்டால், அது அவசரமே இல்லாமல் பக்கத்து மூட்டையைத் தின்னும், பிறகு அதற்குப் பக்கத்து மூட்டையை. அதனால் லோடு ஏற்றி முடித்ததும் தார்ப்பாய் போடுமுன் ஓட்டுநர் வெறுங்காலோடு மூட்டைகளின் மேல் ஒரு மூலை விடாமல் நடந்து பார்ப்பான். உள்ளங்காலுக்குத் தெரியும். சூடு தட்டினால் அந்த இடத்தைப் பிரித்துத் தண்ணீர் அடிக்கவேண்டும். இல்லையென்றால் “குளுந்துருச்சு” என்று ஒரு வார்த்தை. அந்த வார்த்தைக்குப் பிறகுதான் கயிறு.

இதில் காளிராஜின் காலுக்கு ஒரு பெயர் இருந்தது. பத்தொன்பது வருஷத்தில் அவன் மிதித்த லோடு ஒன்றுகூடப் புகைந்ததில்லை. கரி வியாபாரிகள் வேறு லாரிக்கும் அவனைக் கூட்டிப்போய் மிதிக்கவிட்டு டீ வாங்கித் தருவார்கள். சில ஆட்களுக்குக் குரல் அப்படி அமையும், சிலருக்குக் கை. அவனுக்குக் கால். அவனும் கொஞ்சம் கர்வமாகத்தான் அதைத் தூக்கி வைத்து நடந்தான் என்று பார்த்தவர்கள் சொல்வார்கள்.

அந்தக் கால் ஆடி அமாவாசை அன்று போய்விட்டது. ராமேஸ்வரத்தில் அய்யாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கக் கடலில் இறங்கி நின்றான். அலை கணுக்காலில் அடிப்பது தெரிந்தது. அதற்குக் கீழே மணலும் இல்லை, ஈரமும் இல்லை. குனிந்து பார்த்தான், கால் அங்கேதான் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. வரும் வழியில் பாம்பனில் கருவாடு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான்.

அன்றிலிருந்து காதை வைத்துத்தான் வண்டி ஓட்டினான். பிரேக்கை மிதித்தால் காற்று புஸ்ஸென்று போகும் சத்தத்தில் எவ்வளவு மிதித்தோம் என்று கணக்குப் பண்ணிக்கொள்வான். இரண்டு மாதத்தில் கர்நாடகா மூன்று தடவை, பூனா ஒரு தடவை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சினன் வினோத்குமாருக்குக்கூடச் சந்தேகம் வரவில்லை. ஒரு பயணத்தில் மட்டும், “மச்சான், என்ன பாட்டுப் போடவே விட மாட்டேங்கிறீங்க?” என்று கேட்டான். “தலவலி மாப்ள” என்று முடித்துக்கொண்டான்.

மூட்டத்தடிக்கு அவன் போனபோது வினோத் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். லாரி கீழக்கரை வாவு முகம்மதுவுடையது. எங்கோ சொந்தக்காரர் வண்டி கவிழ்ந்ததிலிருந்து அவர் ஒரு சட்டம் போட்டிருந்தார்: வண்டி கிளம்புமுன் வாட்ஸப்பில் பதினொரு போட்டோ வரவேண்டும். சக்கர நட்டு, பின்விளக்கு, காற்றழுத்த மீட்டர் முள் எட்டில் நிற்பது, முதலுதவிப் பெட்டி என்று எல்லாம். தீயணைக்கிற சிலிண்டரும் உண்டு. வாங்கிய நாளிலிருந்து பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அதை ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தார்கள், அழுக்காகிவிடக் கூடாதென்று. ஓட்டுநரின் காலுக்கு மட்டும் போட்டோ கிடையாது.

காளிராஜ் இரும்புக் கம்பியை எடுத்துப் பன்னிரண்டு டயரையும் தட்டிக்கொண்டு வந்தான். உள்பக்க டயர் ஒன்று மந்தமாகச் சொன்னது. “காத்து கொறவு. ஏலே மாப்ள, ஏத்து.” காற்றுத் தொட்டியில் சேர்ந்த தண்ணீரைத் திறந்துவிட்டான். வைப்பர், ஹாரன், பிரேக் விளக்கு. எதிலும் ஒரு குறை வைக்கவில்லை. இதை எல்லோரும் பின்னால் சொன்னார்கள், அவனுக்கு ஆதரவாகவும் எதிராகவும்.

மழை வரும்போலிருக்கிறதென்று மூட்டத்தை ஒரு நாள் முன்னதாகவே பிரித்திருந்தார்கள். கரிக்காரர் வீரபத்திரன் அதை மறைக்கவில்லை. “ஒரு நா முந்திப் பிரிச்சது காளி. நல்லா மிதிச்சுச் சொல்லு. ஒன் கால நம்பித்தான் ஏத்துனேன்.”

ஏறினான். மூட்டைகள் மேல் நடந்தான். கீழே ஐந்து லோடுமேன்கள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அண்ணாந்து நின்றார்கள். ஒரு வரிசை, இரண்டு வரிசை. பஞ்சு மேல் நடப்பதுபோல இருந்தது, காற்று மேல் நடப்பதுபோல. மூன்றாம் வரிசை நடுவில் நின்றான். குனிந்து உள்ளங்கையை வைத்தால் போதும். கைக்கு இன்னும் உயிர் இருந்தது. குனிய ஒரு நொடி ஆகும்.

“என்ன காளி, காசு கீசு விழுந்துருச்சா?” என்று கீழிருந்து ஒருவன் கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள்.

காளிராஜ் குனியவில்லை. நாலாம் வரிசையையும் நடந்து முடித்தான்.

“குளுந்துருச்சு. தார்ப்பாயப் போடு.”

அந்த நேரத்தில் வினோத்துக்கு அக்காவிடமிருந்து போன் வந்தது. லாரிக்குப் பின்னால் போய்ப் பேசினான்.

“ஒங்க மச்சானுக்குக் கால்ல உணர்ச்சி இல்லடா. நான் சொன்னேன்னு சொல்லாத. ஏத்துன லோட நீ ஒரு தடவ தொட்டுப் பாத்துரு.”

“இப்பத்தான்க்கா மிதிச்சாரு. அஞ்சு பேரு நிக்கிறாங்க. அவரு மிதிச்ச லோட நான் எப்படிக்கா தொடுறது?”

“எப்படியோ தொடு. தையில கல்யாணத்த வச்சுக்கிட்டு…”

அவன் திரும்பி வந்தபோது கயிறு பாதி ஏறியிருந்தது. பரமக்குடியில் உமாமகேஸ்வரி என்ற பெண்ணைப் பேசி முடித்திருந்தார்கள் அவனுக்கு. மச்சான்தான் முன்னால் நின்று பேசினார். அவர் வாயை மூட்டத்தடியில் வைத்து மூடுவதா? முதல் டீக்கடையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டான். பதினோராவது போட்டோவாகத் தார்ப்பாயை எடுத்து அனுப்பினான். வாவு முகம்மது கட்டைவிரல் உயர்த்தி, “பிஸ்மில்லா, பார்த்துப் போங்க” என்று பதில் போட்டார்.

மானாமதுரை தாண்டி, மதுரை தாண்டி, வாடிப்பட்டிக்கு அப்பால் ஒரு டீக்கடையில் நிறுத்தியபோது மணி நாலு. வினோத் கயிறு முறுக்குகிற சாக்கில் மேலே ஏறித் தார்ப்பாயில் கை வைத்தான். சட்டென்று எடுத்தான்.

“மச்சான், நடுவுல சுடுது.”

“வெயில்லே வந்த தார்ப்பாய் சுடாமக் குளிருமா?”

“வெயிலா, உள்ளயான்னு தெரியல. நீங்க ஏறி ஒரு தடவ மிதிச்சுப் பாருங்க.”

காளிராஜ் டீ தம்ளரைக் கீழே வைத்தான். இல்லை மாப்ள, நீயே பார் என்று சொல்லியிருக்கலாம். வாசலில் கிடந்த செருப்பு ஞாபகம் வந்தது, ஒன்றும் தோன்றவில்லை. ஏறினான். வினோத் காட்டிய இடத்தில் போய் வலது காலை அழுத்தி ஊன்றி நின்றான். டீக்கடைக்காரர்கூடப் பார்த்துக்கொண்டிருந்தார். நின்றான், நன்றாகவே நின்றான். ஒரு ஆள் எண்ணி முப்பது சொல்லலாம்.

“வெயில் சூடுதாம்லே. ஒண்ணுமில்ல.”

சொல்லிவிட்டு அந்தக் காலைத் தூக்கினான். தார்ப்பாயும் கூடவே வந்தது. உருகிய கறுப்பு, பாகுபோல நூல் இழுத்தது. பாதத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒட்டியிருந்தது. அதிலிருந்து லேசாகப் புகை வந்துகொண்டிருந்தது. கருகிய வாடை அடித்தது, தார்ப்பாய் வாடை மட்டுமில்லை.

வினோத் கத்தவில்லை. மச்சானின் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தில் வலியே இல்லை.

“எப்பருந்து மச்சான்?”

“ஆடி அமாவாசையிலருந்து.”

“எறங்குங்க.”

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் காளிராஜுக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பதுபோலத்தான் இருந்தது. வினோத் வண்டியை ஓரத்துக் காலி நிலத்துக்குக் கொண்டுபோனான். டீக்கடையிலிருந்து நாலு பேர் ஓடி வந்து கயிற்றை அறுத்தார்கள். தார்ப்பாய் விலகிக் காற்றுப் பட்டதும் நடு மூட்டைகள் ஒரு மூச்சு விட்டதுபோலச் சிவந்தன. பிறகு தீ எழுந்தது. சிலிண்டரை எடுத்தார்கள், பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கிழிக்கவேண்டியிருந்தது. அது கொஞ்சம் துப்பிவிட்டு ஓய்ந்தது. தீயணைப்பு வண்டி வரும்போது பின் பாதி போயிருந்தது, முன் பாதி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஒரு காலைத் தவிர. காளிராஜ் அந்தக் காலை நீட்டி டீக்கடைப் பலகையில் உட்கார்ந்திருந்தான். கடைக்காரர் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, “எரியுதாண்ணே?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவை அவன், “எரியுது” என்று சொன்னான். அவர் மனசு கேட்பதற்காகச் சொன்னது.

வாவு முகம்மது போனில் வந்தார். “அல்ஹம்துலில்லா, உசுருக்கு ஒண்ணுமில்லையே? அது போதும். மத்தத அப்புறம் பேசுவோம்.” பிறகு, “காளி, ஒன்னய நம்பித்தானேப்பா…” என்றார்.

“ஆமா மொதலாளி” என்றான் காளிராஜ்.

மாரிச்செல்வி மதுரை ஆஸ்பத்திரிக்கு வந்தபோது சண்டை போடவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து அமுக்கினாள்.

“இது?”

“தெரியல.”

“இது?”

“தெரியல.”

“பொய்யாச்சும் சொல்லேன்யா.”

அவன் யோசித்தான். “சுண்டு விரல் கொஞ்சம்” என்றான். அவள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். மறு வாரம் டாக்டர் எடுத்த இரண்டு விரலில் அந்தச் சுண்டு விரலும் ஒன்று.

தையில் வினோத்குமாருக்கும் உமாமகேஸ்வரிக்கும் நயினார்கோவிலில் கல்யாணம் நடந்தது. பெண் வீட்டார் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள்: மாப்பிள்ளை லாரியை விடவேண்டும். விட்டான். இப்போது இருவரும் திருப்பூரில் இருக்கிறார்கள்; அவன் பனியன் கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறான், ஷூ போட்டுக்கொண்டு.

கல்யாணத்தைப் பேசி முடித்த காளிராஜ், மாப்பிள்ளை தாலி கட்டும்போது பக்கத்தில் இல்லை. இனி ஒரு அடிகூட வெறுங்காலில் வைக்கக் கூடாதென்று டாக்டர் சொல்லி, மெத்து வைத்த செருப்பு ஒன்றைக் கொடுத்திருந்தார். கோவிலுக்குள் செருப்போடு போகமுடியாது. அதனால் கோபுர வாசலுக்கு வெளியே, எல்லோரும் கழற்றிவிட்ட செருப்புகளுக்கு நடுவே, அவன் மட்டும் போட்டுக்கொண்டு நின்றான். கெட்டிமேளம் கேட்டதும் அங்கிருந்தே அட்சதையைத் தூவினான். அதில் பாதி பஞ்சம்மாளின் செருப்பில் விழுந்ததாக அவள் சொல்கிறாள்.

மாசியில் புருஷனும் பெண்டாட்டியும் கீழக்கரைக்குக் குடிபோனார்கள். வாவு முகம்மதுவின் லாரி ஷெட்டில் அவனுக்குக் காவல் வேலை. அவர் இப்போது துப்பாக்கி மாதிரி ஒரு வெப்பமானி வாங்கி வைத்திருக்கிறார். மூட்டைக்கு நேராக நீட்டினால் சூடு எவ்வளவென்று எண் காட்டுமாம். அது பன்னிரண்டாவது போட்டோ. எந்த வண்டி எங்கே லோடு ஏற்றினாலும் அந்தப் பன்னிரண்டும் முதலில் காளிராஜின் போனுக்குத்தான் வரும். அவன் ஒவ்வொன்றாகப் பெரிசு பண்ணிப் பார்த்துவிட்டு, “போகலாம்” என்று மட்டும் அனுப்புவான்.

வீட்டைக் காலி செய்தபோது அந்த நாள்காட்டியை விட்டுவிட்டுப் போனார்கள். வாடகைக்கு வந்தவர்கள் முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டினார்கள். பஞ்சம்மாள் எதிர்வீட்டிலேயேதான் இருக்கிறாள். புது ஆட்கள் சண்டை போடுவதில்லை என்று அவளுக்கு ஒரு குறை.