இசை: ஹார்லன் டீக்

கலங்கரை விளக்கத்தைப் பற்றிய அந்த சினிமாவின் இசையைக் கேட்டால் யார் ஞாபகம் வருகிறது என்று இந்த லாஸ் ஏஞ்சலஸில் யாரைக் கேட்டாலும் ஒரு கதை வைத்திருப்பார்கள். என் பல் டாக்டருக்கு ஓடிப்போன முதல் மனைவி. எதிர்வீட்டு அம்மாளுக்குச் செத்துப்போன நாய். கல்யாணத்தில் பெண் நடந்து வரும்போது போடுகிறார்கள், சாவு வீட்டிலும் போடுகிறார்கள். எனக்கு மட்டும் வயிறு எரியும். ஏனென்றால் அதை எழுதியது நான். பெயர் ஹார்லன் டீக்குடையது.

நான் சிரானுஷ். கிளெண்டேலில் ஆர்மீனியக் குடும்பம். ஹார்லனிடம் வேலை பார்த்தே தலை நரைத்தவள். இங்கே பெரிய கம்போஸர் என்றால் அவருக்குப் பின்னால் எங்களைப் போல நாலைந்து பேர் ஜன்னல் இல்லாத அறைகளில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்போம். அவர் வந்து கேட்பார், தலையாட்டுவார், மேடையேறிப் பரிசு வாங்குவார். சேரும்போதே கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள், வெளியே வாயைத் திறந்தால் கோர்ட்டுக்கு இழுப்பார்கள். தெரிந்துதான் போகிறோம், யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை.

ஆனால் அந்த இசை வேறு. அது அம்மா செத்த வாரம் எழுதியது. அடக்கம் முடிந்து வந்து, அவள் சமையல்கட்டு மேஜையிலேயே கீபோர்டை வைத்து எழுதினேன். திராட்சை இலையில் அரிசியும் கறியும் வைத்துச் சுருட்டும்போது அம்மா எப்போதும் ஒரு மெட்டை முனகுவாள். சுருதி சேரவே சேராது. ஆஸ்துமாக்காரி வேறு. பாதி வரியில் மூச்சு வாங்கும், நிறுத்துவாள், இருமுவாள், விட்ட இடத்தில் பிடித்துக்கொள்வாள். அந்த நிறுத்தத்தையும் அப்படியே எழுதினேன். "அந்த மௌனத்தில்தான் டீக் மேதை" என்று எழுதாத பத்திரிகை இல்லை. மேதையாம் மேதை! என் அம்மாவின் இருமல் அது.

இப்படி இருக்கும்போதுதான் கோல்பி ரென்ஷா என்கிற இளம் டைரக்டர் தன் படத்துக்கு என்னைக் கூப்பிட்டான். செத்துப்போன அம்மாவின் வீட்டை விற்க ஊருக்கு வருகிற மகனின் கதை. சிபாரிசு செய்தவள் யோலாண்டா. படத்தை வெட்டும் அறையில் இசையைப் பொருத்துவது அவள் வேலை, என் பழைய சிநேகிதி. முதல் தடவையாக 'இசை' என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் என் பெயர் வரப்போகிறது. அவனைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும் வழியில் காரை ஓரங்கட்டிவிட்டு ஓவென்று அழுதேன். அம்மாவின் கல்லறைக்குப் போய், "இது நான் செஞ்சதும்மா" என்று சொல்ல இத்தனை வருஷமாக என்னிடம் ஒன்றுமே இருந்ததில்லை.

மறுவாரம் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புது இசை வரும்வரை படம் வெறிச்சென்று இருக்கக் கூடாதே என்று வேறு ஏதாவது படத்து இசையை எடுத்து ஒட்டிவைப்பார்கள். டெம்ப் என்போம். டைரக்டர் மாசக்கணக்கில் அதையே கேட்டுக் கேட்டு அதன்மேல் பித்தாகிவிடுவான். அப்புறம் கம்போஸர் எதைக் கொடுத்தாலும் முகம் சுளிப்பான். எத்தனையோ பேர் பிழைப்பில் மண் போட்ட வழக்கம் அது.

கடைசிக் காட்சி. காலி வீட்டின் சமையலறையில் மகன் தனியாக நிற்கிறான். இசை ஆரம்பித்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கலங்கரை விளக்க இசை, என்னுடையது! அம்மாவின் மூச்சு நின்றது, இருமலுக்கான இடம் வந்தது, போனது. கோல்பி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"சிரா, இதுதான் வேணும். ஆனா இதே வேணாம். வக்கீலுங்க கையில மாட்டிக்காம, இதே வலி. புரியுதா?"

வெளியே வந்ததும் யோலாண்டாவின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"எதுக்குடி அதப் போட்ட?"

"வேணும்னேதான் போட்டேன். இந்த ஊர்லயே உன் விஷயம் தெரிஞ்சவ நான் ஒருத்திதானே. உன்ன மாதிரி எழுதச் சொன்னா உனக்குக் கசக்குதா? வேற எவனாவது வந்தா திணறுவான். நீ தூங்கிக்கிட்டே எழுதிடுவ."

"நீ நல்லா இருப்ப, போ" என்றேன். அவள் எனக்கு நல்லதுதான் நினைத்தாள், அதைச் சொல்லியாக வேண்டும்.

உட்கார்ந்தேன். சமையலறையை எழுத முடியாது, அது ஏற்கெனவே விற்றுப்போன சரக்கு. எனவே பஸ் நிறுத்தத்தை எழுதினேன். சின்ன வயதில், தையல் கடையிலிருந்து வரும் அம்மாவுக்காகச் சாயங்காலம் நிறுத்தத்தில் நிற்பேன். பஸ் வரும், எல்லாரும் இறங்குவார்கள், அவள் இறங்கமாட்டாள். சரி, அடுத்த பஸ். அந்த எதிர்பார்ப்பும், மனசு பொசுக்கென்று போவதும், திரும்ப நம்பிக்கை ஏறுவதும்தான் மெட்டு. முடித்ததும் எனக்கே உடம்பு சிலிர்த்தது. பழையதைவிட இது உசத்தி. சத்தியமாகச் சொல்கிறேன்.

கோல்பி சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து கேட்டான். முடிந்ததும் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"நல்லா இருக்கு. ரொம்ப சாமர்த்தியமா இருக்கு."

எங்கள் தொழிலில் சாமர்த்தியம் என்றால் பிடிக்கவில்லை என்று அர்த்தம். "ஆனா?" என்றேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க சிரா. டீக் யாரையோ பறிகொடுத்துட்டு எழுதியிருக்கார், கேட்டாலே தெரியுது. இது... பறிகொடுக்காதவங்க யோசிச்சு எழுதின மாதிரி இருக்கு."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. கோர்ட்டாவது கச்சேரியாவது என்று கொட்டிவிட்டேன்.

"அத எழுதினதே நான்தான்யா! செத்தது என் அம்மா!"

அவன் என்னைப் பார்த்தான். பிறகு சிரித்தான். கிண்டல்கூட இல்லை, பரிதாபச் சிரிப்பு. அதுதான் தாங்க முடியவில்லை.

"இந்த வருஷத்துல இதச் சொல்ற மூணாவது ஆள் நீங்க" என்றான். "ஹார்லன்கிட்ட உங்களப் பத்தி விசாரிச்சேன். நல்லாத்தான் சொன்னார். கடுமையான உழைப்பாளி, கொடுத்ததச் சுத்தமா முடிப்பா, சொந்தமா மெட்டு மட்டும் வராதுன்னார். நான்தான் அவர் பேச்சக் கேக்காம உங்களக் கூட்டிட்டு வந்தேன்."

அந்த வாரமே என்னைக் கழற்றிவிட்டார்கள். யோலாண்டா வீட்டு வாசலில் வந்து நின்று, "என்னாலதான்டி, என்னாலதான்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவளைத் தேற்றுகிற வேலையும் என் தலையிலேயே விழுந்தது.

கொஞ்ச நாள் கழித்து ஹார்லன் போன் செய்தார்.

"கண்ணு, அந்த ரென்ஷா பையன் என் கால்ல வந்து விழுறான். ஒத்துக்கிட்டேன். எனக்கு எங்க நேரம்? கடைசி சீனுக்கு மட்டும் நீ ஏதாவது பண்ணிக் குடு. உனக்குத்தான் படம் தெரியுமே."

"என்னப் பத்தி அவன்கிட்ட என்ன சொன்னீங்க?"

"நல்லதாத்தான் சொன்னேன். நீ போயிட்டா எனக்கு யார் இருக்கா, சொல்லு?"

போனை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். பிறகு அந்தப் பஸ் நிறுத்தத்தையே அனுப்பினேன். ஒரு ஸ்வரத்தைக்கூட மாற்றவில்லை. சூடு சொரணை இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. கோல்பி அதை இன்னொரு தடவை மூஞ்சி சுளித்துத் தள்ளட்டும், ஹார்லன் பெயர் ஒரு தடவையாவது நாறட்டும் என்றுதான் அனுப்பினேன்.

ஒலிப்பதிவு நாளன்று என்னையும் வரச் சொல்லியிருந்தார் ஹார்லன், பிழை இருந்தால் திருத்த. ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு இந்தப்பக்கம், சுவரோரம் உட்கார்ந்தேன். அந்தப்பக்கம் வயலின்காரர்கள் நிறைந்திருந்தார்கள். வாசித்தார்கள். பஸ் வந்தது, அம்மா இறங்கவில்லை. அடுத்த பஸ்ஸும் வந்தது. முடிந்ததும் வாசித்தவர்கள் எல்லாரும் வயலின் வில்லால் எதிரே நோட்டு வைத்திருந்த ஸ்டாண்டுகளைத் தட்டினார்கள். கைதட்டுவதற்குப் பதில் அவர்கள் அப்படித்தான் செய்வார்கள், அதுவும் எப்போதாவதுதான். ஹார்லன் எழுந்து நெஞ்சில் கைவைத்துக் குனிந்தார்.

கோல்பி குலுங்கிக் குலுங்கி அழுதான். ஹார்லனைக் கட்டிக்கொண்டான். திரும்பும்போது சுவரோரம் என்னைப் பார்த்துவிட்டான். முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக என்னிடமே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவனுக்கு அந்த இசையைக் கொஞ்சமும் அடையாளம் தெரியவில்லை. நடிக்கிறானோ என்று உற்றுப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே தெரியவில்லை.

"நீங்க வந்தது நல்லதாப் போச்சு சிரா" என்றான், என் கையைத் தட்டிக்கொடுத்து. "பாத்தீங்களா? இதத்தான் நான் அன்னைக்குச் சொன்னேன். இதச் சொல்லிக்கொடுக்க முடியாது. எனக்கு எங்க அம்மா அப்படியே கண்ணு முன்னாடி வந்துட்டாங்க. உங்களுக்கு யாரு வந்தாங்க?"

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பஸ் நிறுத்தத்தை நினைத்துப் பார்த்தேன், தையல் கடைப் பையோடு அம்மா இறங்கும் படியை நினைத்துப் பார்த்தேன். பஸ் கதவு திறந்தது. இறங்கி வந்தது ஹார்லன்.

"யாரும் வரல" என்றேன்.