விருப்பத்துடன் போகிறாள்

குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த அந்தப் பட்டியலில் நாற்பது வரிகள் இருந்தன. சோறு வடிப்பது முதல் வரி. துணி துவைக்கும் இயந்திரத்தைத் தானே இயக்குவது, தனியாக மருத்துவரிடம் போவது, இரண்டு பேருந்து மாறிப் போய்த் திரும்புவது, படிவம் நிரப்புவது என்று அது கீழே இறங்கிக்கொண்டே போகும். ஒவ்வொன்றையும் கொக்கு பிழையில்லாமல் செய்து காட்டியதும் அத்தை பச்சைப் பேனாவால் ஒரு டிக் போடுவாள்.

கொக்கு என்பது மாமா வைத்த பெயர். பதினோரு வயதில் அந்த வீட்டுக்கு வந்தபோதே அவள் நெட்டையாக இருந்தாள். சுவரில் சாய்ந்து ஒற்றைக் காலில் நின்றபடி புத்தகம் படிப்பாள். அவளுக்கும் அந்தத் தம்பதிக்கும் இரத்த உறவு கிடையாது. குழந்தைகள் நல அலுவலகம் அவளை வளர்ப்பதற்காக அவர்களிடம் ஒப்படைத்திருந்தது. அத்தை, மாமா என்று கூப்பிடச் சொன்னதும் அவர்கள்தான். இன்னும் சில வாரங்களில் அவளுக்குப் பதினெட்டு முடிகிறது. அத்தோடு அலுவலகத்தின் ஒப்படைப்பும் முடிந்துவிடும்.

அந்த டிக்குகளைக் கொக்கு தன் போக்கில் புரிந்துகொண்டிருந்தாள். இதற்கு முன் மூன்று வீடுகளில் இருந்திருக்கிறாள். மூன்றிலிருந்தும் திருப்பி அனுப்பினார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொன்னார்கள். படுக்கையை நனைக்கிறாள். சரியாகச் சாப்பிடுவதில்லை. வாயைத் திறப்பதில்லை. ஆகவே அவள் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள்: தொந்தரவு தராத பிள்ளையை யாரும் அனுப்ப மாட்டார்கள். வீடு மாறி மாறி வளர்ந்த பிள்ளைக்குத்தான் இப்படித் தோன்றும். சொந்த வீட்டில் பிறந்த பிள்ளைகள் தட்டைக் கழுவாமல் போட்டுவிட்டு நிம்மதியாக ஓடுகிறார்கள்.

போதாததற்கு, அவளுக்குக் கடும் காய்ச்சல் வந்த வருடம், நெற்றியில் ஈரத்துணி போட்டபடி அத்தை சொன்ன வார்த்தையும் இருந்தது. "நீ எங்க பொண்ணு. பதினெட்டு ஆனா என்ன, இருபது ஆனா என்ன, இந்த வீடு எங்கயும் ஓடிப் போயிடாது." கொக்கு அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நாற்பதாவது வரி, மின் இணைப்பில் ஃப்யூஸ் போனால் மாற்றுவது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அதையும் செய்து முடித்தாள். விளக்கு எரிந்ததும் மாமா கைதட்டினார்.

"அடேங்கப்பா! இனிமே இந்த வீட்டுல ஒண்ணும் தெரியாத ஆளு நான் ஒருத்தன்தான். உங்க அத்தை என்னைத்தான் வெளிய அனுப்பணும்."

கொக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். அத்தை சிரிக்கவில்லை. டிக் போட்டாள், பேனாவை மூடினாள். அன்று சாப்பாட்டுக்கு முன் கண்ணை மூடி வேண்டிக்கொள்ள வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். பசியில் மாமா கரண்டியை இரண்டு தடவை எடுத்து வைத்துவிட்டார்.

மறுநாள் மதியம் குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது, ஒரு கையெழுத்துப் போட வேண்டும் என்று. கொக்கு ஒரு சலவைக்கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தாள். மருத்துவமனைப் படுக்கை விரிப்புகள் வண்டி வண்டியாக வந்து இறங்கும் இடம். ஒரு மணி நேரம் அனுமதி கேட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே ஓடினாள்.

அவளுடைய விவகாரங்களைக் கவனிக்கும் அதிகாரிக்கு அவள் வைத்திருந்த பெயர் ஃபைல் அக்கா. கோப்பு இல்லாமல் அந்த அம்மாவை யாரும் பார்த்ததில்லை.

"வா வா! நாப்பதுக்கு நாப்பதாமே. நான் பார்த்ததுல மூணு பேர்தான் அப்படி முடிச்சிருக்காங்க. உட்காரு."

"தொடர்ந்து அங்கயே இருக்கறதுக்குத்தானேக்கா கையெழுத்து?"

ஃபைல் அக்கா பேனாவைக் கீழே வைத்தார். "அங்கயே இருக்கறதுக்கா? நீ தனியா போகத்தான் ஆசைப்படறேன்னு உங்க அத்தை எழுதியிருக்காங்களேம்மா."

"நானா?"

கோப்பை அடுத்தவருக்குக் காட்டக்கூடாது என்பது அலுவலக விதி. ஃபைல் அக்கா சற்று யோசித்தார். பிறகு கோப்பை மேசையின் மேல் அவள் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தார்.

அத்தையின் உருண்டையான கையெழுத்து. 'பிள்ளை தனியாக வாழ மிகுந்த விருப்பத்துடன் இருக்கிறாள். இருபத்தொரு வயது வரை எங்களுடன் தொடர்வதில் அவளுக்கு நாட்டமில்லை. அவள் போன பிறகு அறையை அடுத்த பிள்ளைக்குத் தரலாம்.' மேலே தேதி. நான்கு மாதங்களுக்கு முன், குளிர்பெட்டியில் பட்டியலை ஒட்டிய அதே வாரம்.

கொக்கு இரண்டாம் முறை படித்தாள். அந்த வரிகளில் இருந்த பெண்ணை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"இருபத்தொண்ணு வரைக்கும் இருக்கலாமா?"

"ரெண்டு பக்கமும் சம்மதிச்சா இருக்கலாம். உனக்குத் தெரியாதா?" என்று கேட்டவர், அவள் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்தார். "நான் உன்னைக் கூப்பிட்டு நேர்ல கேட்டிருக்கணும். காகிதத்தை நம்பிட்டேன். அது என் தப்பு."

"இப்ப மாத்த முடியாதா?"

"அவங்க வேணாம்னா யாரையும் கட்டாயப்படுத்த முடியாதும்மா. ஒரு பிள்ளைக்கு ஒரு அறைங்கறது வேற விதி. அவங்க வீட்டுல இருக்கறது ஒரு அறைதான்."

கையெழுத்துப் போடாமல் கொக்கு எழுந்து வந்தாள்.

சலவைக்கூடத்தில் பெரிய விரிப்புகளை இருவர் எதிரெதிரே நின்றுதான் மடிக்க வேண்டும். அவளுடைய ஜோடி, விரிப்புகளைச் சுருக்கமெடுக்கும் நீராவி உருளையை இயக்கும் ஒரு பெண். பெயரே நீராவி அக்கா. உருளையைப் போலவே எப்போதும் புஸ்ஸென்று பேசுவாள்.

"என்னடி, நாலு மூலை விரிப்புக்கு அஞ்சாவது மூலையைத் தேடறியா? இழு ஒழுங்கா."

கொக்கு இழுத்தாள். மூலைகள் சேரவில்லை. மடித்ததைப் பிரித்து மறுபடி மடிக்கும்போதே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். நீராவி அக்கா உருளையை நிறுத்தினாள்.

"எது, அந்தச் சாமி கும்பிடற அத்தையா?"

"ம்."

"நாப்பதையும் கத்துக்கிட்டியே பாவி, ஒண்ணையாவது சொதப்பியிருக்கக் கூடாதா? சோத்தைக் கருக்கியிருந்தா இன்னும் பத்து வருஷம் வச்சுக் கத்துக் குடுத்திருப்பாங்க."

கொக்குக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறியது. தினமும் சோறு வெந்ததும் ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்து, அத்தையின் முகத்தைப் பார்த்து, அந்தப் பச்சை டிக்குக்காகக் காத்து நின்றது நினைவுக்கு வந்தது. தன்னை வெளியே அனுப்பும் கதவுக்குத் தானே எண்ணெய் போட்டிருக்கிறாள்.

"நேரே போய்க் கேளு," என்றாள் நீராவி அக்கா. "ஆனா கத்தாதே. கத்தினா அவங்க அழுவாங்க. அப்புறம் நீதான் சமாதானப்படுத்திக்கிட்டு உட்காந்திருக்கணும்."

வேலை முடிந்து வீட்டுக்குப் போனபோது அத்தை சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மாமா செய்தித்தாளில் முகத்தைப் புதைத்திருந்தார்.

"எனக்குப் போக ஆசைன்னு யாரு சொன்னது அத்தை?"

கத்தி நின்றது. மாமா தாளை மடித்தார். "சர்க்கரை தீர்ந்துபோச்சுன்னு சொன்னியே, நான் கடைக்கு ஒரு நடை..."

"மாமா, உட்காருங்க."

ஏழு வருடங்களில் அவள் அவரிடம் இப்படிப் பேசியதில்லை. அவர் உட்கார்ந்துவிட்டார்.

"உனக்கு யாரு சொன்னா?" என்றாள் அத்தை.

"உங்க கையெழுத்துதான்."

அத்தை முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள். "ஒரு சின்னப் பிள்ளைம்மா. ஆறு வயசு. ரெண்டு வீட்டுல திருப்பி அனுப்பிட்டாங்களாம். இடம் இருக்கான்னு கேட்டாங்க. இருக்கறது ஒரு ரூம். நீ வளர்ந்துட்ட, எதையும் சமாளிச்சுக்குவ. அதால முடியாது. நான் என்ன பண்ணட்டும் சொல்லு?"

"அதை என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரல."

"நாலு மாசம் என் முகத்தைப் பார்த்துதானே டிக் போட்டீங்க?"

அத்தை நறுக்கிய காயை ஓரமாக ஒதுக்கினாள்.

அவள் கெட்டவள் அல்ல. இதைச் சொல்லியே ஆக வேண்டும். கொக்குக்கு முன்னால் அந்த அறையில் ஐந்து பிள்ளைகள் வளர்ந்திருக்கிறார்கள். ஐந்து பேருடைய காய்ச்சலுக்கும் அவள் கண்விழித்திருக்கிறாள். ஆனால் நல்லவர்களுக்கும் ஒரு பலவீனம் உண்டு. தாங்கள் நல்லவர்கள் என்ற எண்ணத்தில் ஒரு கீறல்கூட விழக்கூடாது என்று நினைப்பார்கள். ஒரு பிள்ளையை அனுப்பினேன் என்று எழுத அத்தைக்குக் கை வரவில்லை. அதனால் அந்தப் பிள்ளையே ஆசைப்பட்டாள் என்று எழுதினாள். தன் கையைச் சுத்தமாக வைத்துக்கொள்ள இன்னொருவரின் வாயில் பொய்யை வைத்தாள். கடவுள் அதை மன்னிக்கக்கூடும். அடிபட்ட பிள்ளை உடனே மன்னிக்க வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமையில்லை.

"தினமும் சாப்பிடறதுக்கு முன்னாடி கண்ணை மூடிப் பேசறீங்களே," என்றாள் கொக்கு. குரல் உயரவில்லை. "அங்கயும் நான் ஆசைப்பட்டுத்தான் போறேன்னு சொன்னீங்களா?"

குழாயில் சொட்டிய தண்ணீரை எழுந்து போய் நிறுத்தக்கூட மாமாவுக்குத் துணிவில்லை.

"அங்க பொய் சொல்ல முடியல," என்றாள் அத்தை கடைசியில். "அதனால... அங்க உன் பேரை எடுக்கறதையே விட்டுட்டேன்."

கொக்குக்கு அந்தக் கடிதத்தைவிட இதுதான் வலித்தது.

"நான் போறேன் அத்தை. அந்தச் சின்னது வரட்டும். ரெண்டு வீடு மாறினா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். ஆனா எனக்கு ஆசைன்னு எழுதினதை மாத்தி எழுதிக் குடுங்க. என் ஃபைல்ல அது பொய்யா கிடக்கக் கூடாது."

"எழுதினா மட்டும் என்னடி ஆகப் போகுது?"

"ஒண்ணும் ஆகாது. உண்மை எழுதியிருக்கும், அவ்வளவுதான்."

அத்தை அழுதாள். கொக்கு போய்ச் சமாதானப்படுத்தவில்லை. அது அவளுக்கு எளிதாக இல்லை. இரண்டு தடவை கால் முன்னால் போனது, இழுத்து நிறுத்திக்கொண்டாள். மாமாதான் எழுந்து போய் ஒரு வெள்ளைத் தாளைக் கொண்டு வந்து மனைவியின் முன்னால் வைத்தார்.

முதல் தாளில் 'சூழ்நிலை காரணமாக' என்று தொடங்கி அத்தை நிறுத்தினாள். அத்தை அதைக் கசக்கிப் போட்டுவிட்டு இன்னொரு தாள் எடுத்தாள். 'அவளுக்குப் போக விருப்பமில்லை. நாங்கள்தான் அனுப்புகிறோம். அவளிடம் எந்தக் குறையும் இல்லை. இதை அவளிடம் மறைத்தது நான்.' எழுதி முடித்ததும் மாமா கையை நீட்டினார்.

"கடைசி வரியில நான்னு போட்டிருக்க. நாங்கன்னு திருத்து. நானும் தெரிஞ்சுதான் பேப்பர் படிச்சிட்டு உட்காந்திருந்தேன்."

இரண்டு கையெழுத்துகள் விழுந்தன. மறுநாள் கொக்கு அதை ஃபைல் அக்காவிடம் கொடுத்தாள். அவர் வாசித்துவிட்டு, பழைய கடிதத்தின் மேலேயே வைத்துத் தைத்தார். அன்றிலிருந்து, வீட்டை விட்டுப் போகும் எந்தப் பிள்ளையையும் கதவைச் சாத்திவிட்டுத் தனியாக உட்காரவைத்து, உனக்கு இது விருப்பமா என்று கேட்பதை அவர் வழக்கமாக வைத்துக்கொண்டார். எந்த விதியும் அவரை அப்படிக் கேட்கச் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்து அலுவலகம் ஒதுக்கிய அறைக்குக் கொக்கு குடிபோனாள். மூன்றாவது மாடி. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, பேருந்து நிறுத்தத்தைப் பார்த்த ஜன்னல். மாமா பெட்டியை மேலே தூக்கி வந்து, மூச்சு வாங்க நின்று, "கொக்கு..." என்று ஆரம்பித்தார். பிறகு கதவின் தாழ்ப்பாளை நாலைந்து முறை போட்டுத் திறந்து சோதித்துவிட்டு இறங்கிப் போனார்.

அவர் போனதும் அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். நாற்பதும் தெரியும். அடுப்பு பற்றவைக்கத் தெரியும், ஃப்யூஸ் மாற்றத் தெரியும். சுற்றிலும் யாரும் இல்லாத ஒரு மதியத்தை என்ன செய்வது என்று அந்தப் பட்டியலில் ஒரு வரியும் இல்லை.

கதவை யாரோ தட்டினார்கள். நீராவி அக்கா. கையில் ஒன்றுமில்லை.

"என்னடி முழிக்கற? மூணு மாடி ஏறி வந்தா பசிக்காதா? ஏதாவது சமைச்சுப் போடு."

"ஒண்ணும் வாங்கிட்டு வரலியா?"

"நான் எதுக்கு வாங்கணும்? விருந்தாளி நான். இதென்ன, தலையணைக்கு உறைகூடப் போடாம? சலவைக்கூடத்துல வேலை பாக்கறேன்னு வெளிய சொல்லாதே, மானம் போயிடும்."

கொக்கு எழுந்தாள். அரிசியை எடுத்துக் களையும்போது கைபேசி அடித்தது. அத்தை. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

"எடுத்தா எடு, எடுக்காட்டிப் போ," என்றாள் நீராவி அக்கா தலையணையோடு மல்லுக்கட்டிக்கொண்டே. "எனக்கு நாடகம் வேண்டாம், சோறு வேணும்."

கொக்கு ஈரக் கையோடு எடுத்தாள்.

"சாப்பிட்டியாம்மா?" என்றது அத்தையின் குரல்.

"சமைச்சிட்டிருக்கேன்."

"நான் வேணா ஒரு எட்டு வந்து..."

"வேண்டாம் அத்தை."

மறுமுனையில், பின்னால் எங்கோ ஒரு சின்னக் குரல் எதற்காகவோ சிணுங்கியது.

"அது கூப்பிடுது பாருங்க," என்றாள் கொக்கு. "போய்ப் பாருங்க. இங்க எப்ப வரலாம்னு எனக்குத் தெரியல. வரச் சொல்லத் தோணினா நானே சொல்றேன்."

தோன்றுமா என்று அவளுக்கே தெரியாது. தெரியாததை அப்படியே சொன்னதில் நெஞ்சின் பாரம் கொஞ்சம் இறங்கியது. கைபேசியை வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.