நாற்பத்து மூன்றாம் பக்கம்

"நாற்பத்து மூணாம் பக்கத்துல கையெழுத்து இல்ல" என்று சொல்லிவிட்டு அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புதையல் எடுத்தவர் மாதிரி முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அலுவலகத்தில் அவருக்குப் 'பாக்கலாம்' என்று பெயர். எதைக் கேட்டாலும் பாக்கலாம் என்பார், எதையும் பார்க்க மாட்டார். அப்பேர்ப்பட்ட மனுஷன் இன்றைக்கு டெண்டரின் நூற்றுப் பதினெட்டுப் பக்கங்களையும் எச்சில் தொட்டுத் தொட்டுப் புரட்டியிருக்கிறார் என்றால் சும்மாவா புரட்டியிருப்பார்?

எதிரே உட்கார்ந்திருந்த அவளுக்கு ஒப்பந்தப் பிரிவில் பதினான்கு வருஷ சர்வீஸ். அரசு ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய சாமான்களுக்கு டெண்டர் எழுதுவதும், வந்ததைச் சலித்துப் பார்ப்பதும் அவள் வேலை. இந்தத் தடவை நோயாளிகளைப் படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் ஸ்ட்ரெச்சர் வண்டிகள், இருநூறு. கடைசியில் மிஞ்சியது இரண்டே பேர். ஒன்று, பத்து வருஷமாக இதே வண்டியைக் கொடுத்துவரும் பழைய கம்பெனி. இன்னொன்று, ஊர்க்கோடியில் பட்டறை வைத்திருக்கும் ஒரு வெல்டர். அவருக்கு இது முதல் டெண்டர்.

அவளும் அதிகாரியும் இருக்கும் தேர்வுக் கமிட்டியில் மூன்றாவது ஆள் பெரிய ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ். எல்லோருக்கும் அவர் நர்ஸ் அக்கா. போன வருஷம் சரிவுப் பாதையில் பழைய கம்பெனியின் வண்டி பிரேக் பிடிக்காமல் ஓடி, மேலே படுத்திருந்த கிழவர் சுவரில் மோதிச் செத்துப்போனார். தடுக்கப் போன நர்ஸ் அக்காவின் இரண்டு விரல்கள் நசுங்கின. விசாரணை அறிக்கையில் 'தள்ளியவரின் கவனக்குறைவு' என்று எழுதி மூடிவிட்டார்கள். அதை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் வயிறு எரியும். இன்று காலை சோதனைக்கு வந்திருந்த வெல்டரின் மாதிரி வண்டியில் நர்ஸ் அக்கா தானே ஏறிப் படுத்துக்கொண்டு, "சரிவுல கொண்டுபோய் விடுங்க, பார்ப்போம்" என்றார். பிரேக் போட்ட இடத்தில் வண்டி கல்லாக நின்றது.

"சார், அது வெத்துப் பக்கம்" என்றாள் அவள்.

"இருக்கட்டும்மா. எல்லாப் பக்கத்திலயும் கையெழுத்து வேணும், இல்லன்னா நிராகரிப்புன்னு எழுதினது யாரு? நீங்கதானே?"

அவள்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருத்தன் உறை பிரித்த பிறகு ஒரு பக்கத்தையே மாற்றி வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அவளே சண்டை போட்டுக் கொண்டுவந்த நிபந்தனை. தப்பான நிபந்தனை என்று சொல்லவும் வாய் வரவில்லை. வெல்டர் கொடுத்திருந்த தாளை வாங்கிப் பார்த்தாள். கீழே எண் மட்டும்தான், மேலே ஒரு எழுத்துகூட இல்லை. பழைய கம்பெனிக்காரன் அதே வெற்றுத் தாளின் நட்டநடுவில் முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டிருந்தான். வெல்டர் என்ன செய்வார் பாவம், ஒன்றுமே இல்லாத தாளில் எதற்குக் கையெழுத்து என்று விட்டிருப்பார்.

அப்போதுதான் அவளுக்குச் சுரீர் என்றது. டெண்டரை வெளியிடுவதற்கு முந்தின நாள் ஓர் அட்டவணையை வேண்டாமென்று அழித்தாள். அட்டவணை போய்விட்டது, பக்கம் போகவில்லை. அதைப் பார்க்காமல் அந்த வெற்றுத் தாளோடே டெண்டர் படிவத்தை எல்லோருக்கும் அனுப்பியது அவள்.

"அப்ப இது என் தப்பு சார். அப்படியே குறிப்பு எழுதறேன். சின்னக் குறைய கமிட்டியே சரிபண்ணிக்கலாம்னு விதி இருக்கு."

"சரிபண்ணலாம்னுதான் இருக்கு, பண்ணணும்னு இல்ல." அவர் குரலைத் தாழ்த்தினார். "அடுத்த மாசம் பதவி உயர்வு லிஸ்ட்ல உங்க பேரு இருக்கு. உங்க தலையில நீங்களே ஏம்மா மண்ணை அள்ளிப் போட்டுக்கறீங்க?"

எவ்வளவு அக்கறை! அவளுக்குக் காது மடல்வரை கொதித்தது. நர்ஸ் அக்கா மேஜையைத் தட்டினார். "கையெழுத்துப் போடாதவன் வண்டி நிக்குது. போட்டவன் வண்டி ஓடுது. இதைப் பார்க்கத்தானே சார் நாம உட்கார்ந்திருக்கோம்?"

அவள் கோப்பை இழுத்து, தாள் கிழிந்துவிடும்போல அழுத்தி எழுதினாள். 'நாற்பத்து மூன்றாம் பக்கம் என் கவனக்குறைவால் நுழைந்தது. அதற்காக ஒருவரை நிராகரிக்கக் கூடாது.' கையெழுத்துப் போட்டாள். நர்ஸ் அக்காவும் போட்டார். அதிகாரி அதற்குக் கீழே 'உடன்படவில்லை' என்று ஒரே வார்த்தை எழுதி மூடினார். "மூணு பேரும் ஒத்துப்போகலைன்னா மேலதான் போகணும். டைரக்டர் முடிவு பண்ணட்டும். பாக்கலாம்."

மேலே போனால் ஆறு மாதம். அதுவரை பழைய வண்டிதான் ஓடும்.

வராந்தாவில் வெல்டர் தன் வண்டியின் பக்கத்தில் நின்றிருந்தார். தோய்த்து இஸ்திரி போட்ட சட்டை, நகக்கண்ணில் கரி. "மேடம், ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?"

"லெட்டர் வரும்" என்றாள். போட்டிக்காரரிடம் அதற்குமேல் பேசக் கூடாது. யார்மேலோ இருந்த கோபமெல்லாம் அந்த ஆள்மேல் போய் விழுந்தது. வண்டியைச் சாமான் அறையில் பூட்டிவைக்க அவள் கிளப்பினாள்; அவர் தள்ளிக் கொடுக்க வந்தபோது, "நீங்க தொடாதீங்க!" என்று கத்தியேவிட்டாள். மனுஷன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு படிப்பக்கம் ஒதுங்கினார். ச்சே, இவரிடமா கத்த வேண்டும் என்று அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

அவளும் நர்ஸ் அக்காவுமாகத் தள்ளினார்கள். சாமான் அறைக்குள் சத்தமே இல்லாமல் உருண்டு போனது வண்டி.

"இந்த ஒண்ணையாவது குடும்மா. எங்க வார்டுல வெச்சுக்கறேன்."

"முடிவு வர்ற வரைக்கும் மாதிரியை யாரும் தொடக் கூடாதுக்கா. எடுத்துட்டுப் போனா அதையே சாக்கா வெச்சு அவரை வெளிய தள்ளிடுவாங்க."

அவள் கதவைப் பூட்டி, பூட்டின்மேல் துணி சுற்றி, மெழுகுவர்த்தியில் அரக்கை உருக்கினாள். சிவப்பாகச் சொட்டியது.

"ரெண்டு மணிக்கு எனக்கு டியூட்டி" என்றார் நர்ஸ் அக்கா, பையைத் தோளில் மாட்டிக்கொண்டே. "இன்னைக்கு ஆபரேஷனுக்குப் பதினோரு பேரு. எல்லாரும் அந்தச் சரிவுலதான் இறங்கணும்."

அவள் நிமிரவில்லை. அரக்கு ஆறுவதற்குள் அலுவலக முத்திரையை அதன்மேல் வைத்து, உடம்பின் பலம் முழுவதையும் கொடுத்து அழுத்தினாள்.