வளைவுக்கு நாலு விரல்கடை

பட்டாபி போட்ட வளைவில் இரண்டு பொம்மை ரயில்களும் உரசிக்கொண்டன. வெளிப்பாதையில் வந்த பச்சை இஞ்சின் பலகையின் விளிம்பைத் தாண்டி, சிமெண்டுத் தரையில் தலைகுப்புற விழுந்து, வயிறு திறந்து கிடந்தது. சக்கரம் ஒன்று மட்டும் தனக்கு எதுவும் தெரியாது என்பதுபோல் கட்டிலுக்கடியில் உருண்டு போயிற்று.

பட்டாபி இன்சூரன்ஸ் ஆபீசில் ஊரார் விபத்துக்கெல்லாம் தாள் புரட்டுகிறவர். சொந்தக் கையால் ஒன்றை நடத்தி வைத்தது இதுதான் முதல் தடவை.

இஞ்சின் ஷேக் மைதீனுடையது. துபாயில் பொம்மைக்கடையில் வேலை பார்த்தபோது ஆசை ஆசையாய் வாங்கியது. மேலப்பாளையம் வீட்டுக்குத் திரும்பியதும் மாடியறை முழுக்கப் பலகை போட்டு, பள்ளிக்கூட நாளிலிருந்து கூட்டாளியான பட்டாபியையும் சேர்த்துக்கொண்டார். நிஜ ரயில்வேக்காரர்களே திருச்செந்தூருக்கு ஒற்றைப் பாதையில் வண்டியை உருட்டிக்கொண்டிருக்க, இவர்கள் இரட்டைப் பாதை போட்டார்கள். ஆளுக்கொரு வண்டி வேண்டுமே. ஒருவர் ஓட்ட இன்னொருவர் சும்மா நின்று பார்க்கிற பொறுமை இரண்டு பேருக்குமே கிடையாது.

பட்டாபிக்கு இருந்த பயமெல்லாம் ஒன்றுதான்: மைதீன் மறுபடி துபாய்க்குப் போய்விடுவாரோ. கேட்டால் நேரான பதில் வராது. சாயா குடியும் என்பார். அல்லா நாடினால் என்பார். ஒரு தடவை, மழை வருமா என்று பட்டாபியையே திருப்பிக் கேட்டார். அவர் மனைவி ஆசியா உம்மாளைக் கேட்டாலோ, அந்த அம்மாளுக்கு உடனே கழுவ வேண்டிய கிளாஸ் ஞாபகம் வந்துவிடும். தண்டவாளம் வளர வளர மனுஷனும் ஊரில் ஊன்றிவிடுவார் என்று பட்டாபி தனக்குத்தானே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். ஸ்ரீவைகுண்டம் என்று அவர்கள் பேர் வைத்த வளைவை அன்றைக்கே முடித்துவிடத் துடித்ததும் அதனால்தான்.

இரண்டு பாதைகளுக்கும் நடுவே நேர் ஓட்டத்தில் மூன்று விரல்கடை, வளைவில் நாலு. வளைவில் திரும்பும்போது நீளப் பெட்டியின் வயிறு உள்ளே பிதுங்கும், மூலை வெளியே நீட்டும். இடம் கூடுதலாக வேண்டும். அதையும் மைதீனின் விரலால்தான் அளப்பது என்று பேச்சு. பட்டாபியின் விரல்கள் வெண்டைப் பிஞ்சு. அவர் நாலு வைத்தால் மைதீனுக்கு மூன்றுதான் தேறும். இந்த விஷயத்தில் மயிரிழை பிசகினாலும் மைதீன் முகம் கொடுத்துப் பேசமாட்டார். அன்றைக்கு அவசரத்தில் பட்டாபி தன் விரலையே வைத்து அளந்து, ஆணியும் அடித்துவிட்டார். மைதீன் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஓட்டிப் பார்க்கும்போதுகூட இரண்டு வண்டியையும் நீரே ஓட்டும் என்று சொல்லிவிட்டார். பட்டாபியும் பெரிய கௌரவம் கிடைத்தமாதிரி இரண்டு கையாலும் வேகக் குமிழ்களைத் திருகினார்.

இப்போது அவர் திட்டு வாங்கத் தயாராக நின்றார். திட்டு வரவில்லை. மைதீன் குனிந்து சக்கரத்தை எடுத்துக் கைலியில் துடைத்து, போனால் போகட்டும் என்றார். பட்டாபிக்கு இஞ்சின் விழுந்ததைவிட இது பெரிய அடியாக இருந்தது. மடையா என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்.

“ஓய், நீர் பார்த்துண்டுதானே இருந்தீர்?”

“இருந்தேன்.”

“இடிக்கும்னு தெரிஞ்சுதா?”

மைதீன் படிப்பக்கம் திரும்பி, கீழே சாயாவுக்குக் குரல் கொடுத்தார். சாயா கொண்டுவந்த ஆசியா உம்மாள் தரையில் கிடந்த இஞ்சினைப் பார்த்தார், பட்டாபியின் முகத்தைப் பார்த்தார், பிறகு புருஷனைப் பார்த்தார்.

“இன்னுமா சொல்லல?”

அவ்வளவுதான் கேட்டார். கிளாஸ்களைப் பலகைமேல் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

பட்டாபி தன் கைக்குச் சுத்தியல் எப்போது வந்தது என்று தெரியாமல் அதையே பார்த்தார். வாயைத் திறந்தால் மழை வருமா என்று தானே கேட்டுவிடுவோமோ என்று பயமாக இருந்தது.

“சொல்லும் ஓய்,” என்றார் கடைசியில். “சாயா அப்புறம் குடிக்கலாம்.”

மைதீன் பட்டாபியின் கையிலிருந்த சுத்தியலைப் பைய வாங்கிக் கீழே வைத்தார்.

“ஆணி அடிக்கையிலயே தெரியும்வே, இடிக்கும்னு. சொன்னா, பிரிச்சு மறுபடி போடுவோம்பீரு. கூட நின்னு போட எனக்கு நாளில்ல. விசா வந்துட்டு. வெள்ளிக்கிழமை போவுதேன்.”